விமானம் ஒலி வேகத்தைத் தாண்டும் நொடியில் மட்டும்தான் வெடிச்சத்தம் வருமா? கிருஷ்ணகிரிப் பக்கம் கேட்பது அதுவா, குவாரி வேட்டா?

நீங்கள் கேட்ட விதத்தைப் பார்த்தால் எங்கள் மாவட்டத்துக்குப் புதிதாகக் குடிவந்தவர் என்று நினைக்கிறேன். ஒரு மத்தியானம் ஜன்னல் கடகடவென்று ஆடியிருக்கும். பக்கத்து வீட்டில் "எல்லாம் குவாரிக்காரனுங்க வேலை" என்று சொல்லியிருப்பார்கள். அந்தப் பேச்சுக்காகத்தான் இந்தப் பதில். என் அப்பா சூளகிரிப் பக்கம் ஒரு கல் குவாரியில் வேட்டு வைக்கிற வேலை பார்த்தவர்.

முதல் கேள்விக்கு: இல்லை. ஒலியை விட வேகமாகப் பறக்கிற நேரம் முழுக்க அந்தச் சத்தம் விமானத்தின் கூடவே வருகிறது. மெதுவாகப் போகும்போது விமானம் காற்றில் உண்டாக்கும் அழுத்த அலைகள் அதற்கு முன்னால் ஓடிவிடும். ஒலியை முந்திவிட்டால் அலைகளுக்கு முன்னால் ஓட முடியாது. ஒன்றன் மேல் ஒன்று சேர்ந்து, கூம்பு வடிவத்தில் ஒரே அதிர்ச்சி அலையாகப் பின்னால் விரியும். ஏரியில் நீந்தும் வாத்துக்குப் பின்னால் அலை இரண்டு பக்கமும் விரிந்து வந்து, கரையில் நிற்பவர் காலை அந்தந்த இடத்தில் தொடுவது மாதிரிதான். கூம்பின் விளிம்பு எந்த ஊரைக் கடக்கிறதோ, அந்த ஊருக்கு அப்போது "டம்". ஓட்டுகிற விமானிக்கு அது கேட்காது. மூக்கில் ஒரு அலை, வாலில் ஒரு அலை என்பதால் சத்தம் இரண்டு. சின்னப் போர் விமானத்தில் இரண்டும் நொடியில் பத்தில் ஒரு பங்கு இடைவெளியில் வருவதால் பலருக்கு ஒன்றாகவே கேட்கும்.

வேகமும் ஒரே எண் இல்லை. தரைமட்டத்தில், 15 டிகிரி வெப்பத்தில் ஒலி மணிக்கு சுமார் 1,225 கி.மீ. போகும். 11 கி.மீ. உயரத்துக் குளிரில் 1,060 கி.மீ. சுமாருக்கு இறங்கிவிடும். 1947 அக்டோபர் 14 அன்று அமெரிக்க விமானி சக் யேகர், பெல் எக்ஸ்-1 விமானத்தில் முதன்முதலாக ஒலியைத் தாண்டியது அப்படிப்பட்ட உயரத்தில்தான், மாக் 1.06 வேகத்தில், அதாவது அந்த உயரத்து ஒலி வேகத்தைப் போல 1.06 மடங்கு.

இனி என் வீட்டுக் கதை. நான் ப்ளஸ் ஒன் படித்த வருடம். குவாரிக்கு அன்று லீவு, அப்பா திண்ணையில் படுத்திருந்தார். பெரிய சத்தம் ஒன்று. கொஞ்ச நேரத்தில் தெருவே வாசலில் நின்றது. "ஏன்ணா, லீவுன்னு சொல்லிட்டு யாரு வேட்டு வெச்சது? என் வூட்டு ஓடு கீழ வுழுந்துடுச்சி" என்றார் ஒரு அக்கா. அப்பா கேட்டது ஒன்றுதான்: "தரை அதுந்துச்சா, ஜன்னல் அதுந்துச்சாம்மா?" யாரும் பதில் சொல்லவில்லை. "வேட்டுன்னா மொதல்ல காலுக்குத் தெரியும், அப்புறம்தான் காதுக்கு" என்று அவர் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவும் இல்லை. ரொம்ப நாள் குழாயடியில் அம்மாவிடம் யாரும் பேசவில்லை.

அப்பா ஆறாவதோடு நின்றவர். ஆனால் அவர் சொன்னது அசல் இயற்பியல். கருங்கல்லில் அதிர்வு நொடிக்கு சுமார் 5 கி.மீ. ஓடும், காற்றில் ஒலி 340 மீட்டர்தான். 2 கி.மீ. தள்ளி வேட்டு வைத்தால் தரை அரை நொடிக்குள் நடுங்கும், சத்தம் வர கிட்டத்தட்ட ஆறு நொடி ஆகும். வானத்திலிருந்து வரும் அதிர்ச்சி அலை காற்றில் வருவதால் ஜன்னல், ஓடு, தகரம் எல்லாம் சத்தத்தோடு சேர்ந்தே ஆடும். இதை எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தர ஆள் இல்லை. இயற்பியல் வாத்தியார் இடம் காலியாகவே கிடந்தது, கணக்கு சார் பாடத்தை வாசித்துவிட்டுப் போவார். எங்கள் பக்கத்துக் கிராமப் பிள்ளைகளுக்கு இப்படித்தான் ஆய்வுக்கூடமும் பூட்டியே இருக்கிறது. இன்ஜினியரிங் சேர்ந்து முதல் வருடம் நான் திணறியதற்கு வேறு காரணம் இல்லை.

2020 மே 20 அன்று பெங்களூரே அதிர்ந்தது நினைவிருக்கும். நிலநடுக்கம் என்றுதான் பலர் ஓடிவந்தார்கள். விமானப்படையின் சோதனை விமானம் 36,000 முதல் 40,000 அடி உயரத்தில் ஒலி வேகத்துக்குக் கீழே இறங்கியபோது வந்த சத்தமாக இருக்கலாம் என்று பாதுகாப்புத் துறை சொன்னது. 65, 80 கி.மீ. தூரத்தில் விமானம் இருந்தாலும் கேட்கும் என்றும் சொன்னது. பெங்களூரிலிருந்து ஓசூர் 40 கி.மீ. தான். அந்தச் செய்தியை அப்பா என்னைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார்.

உடனே "குவாரிக்கு வக்காலத்தா?" என்று வருவீர்கள். இல்லை. வேட்டால் சுவர் விரிசல் விட்ட வீடுகளும் தூசியில் நுரையீரல் போனவர்களும் எங்கள் ஊரிலேயே உண்டு. என் அப்பாவுக்கே ஒரு காது சரியாகக் கேட்காது. புகார் கொடுங்கள், கட்டாயம் கொடுங்கள். ஆனால் மணியைக் குறித்துவைத்துக்கொண்டு கொடுங்கள். எத்தனை வெடிமருந்துத் தோட்டா எடுத்து எத்தனை செலவானது என்று குவாரியில் பதிவேடு எழுதியாக வேண்டும். அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அந்த மணிக்கு வேட்டு இல்லை, தரையும் நடுங்கவில்லை என்றால் குவாரியில் கூலிக்கு வேலை செய்பவன் வீட்டு வாசலுக்குப் போகாதீர்கள்.