ஸ்கேட்போர்டுக்குப் படம் வரைபவரைக் 'கலைஞர்' என்று சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். எட் டெம்பிள்டனைப் பாருங்கள். 1972இல் பிறந்த கலிபோர்னியாக்காரர், தொழில்முறை ஸ்கேட்டர், அதாவது சக்கரம் வைத்த அந்தப் பலகையில் சறுக்கி வித்தை காட்டுபவர். 1993இல் டாய் மெஷின் என்ற ஸ்கேட்போர்டு கம்பெனியைத் தொடங்கி, பலகைப் படங்களைத் தானே வரைந்தார். கம்பெனிக்கு அவர் வைத்த அடைமொழியே 'ரத்தம் உறிஞ்சும்' என்பதுதான்! வாடிக்கையாளர்களை 'விசுவாசமான பகடைக்காய்கள்' என்று அழைத்து, விளம்பர உலகத்தைக் கிண்டலடித்தார்.

ஸ்கேட்போர்டுப் படம் பலகையின் அடிப்பக்கத்தில் இருக்கும். கம்பியிலும் திண்டிலும் சறுக்கச் சறுக்க உரிந்துபோகும். அதனால் கடைச் சுவரில் தொங்கும்போதே பையனின் கண்ணைப் பறித்தாக வேண்டும்: தடித்த கோடு, பளிச் நிறம், ஒற்றைக்கண் பூதம்.

டெம்பிள்டன் அதோடு நிற்கவில்லை. ஸ்கேட் பயணங்களில் கேமராவும் கையுமாக அலைந்து, சிகரெட் பிடிக்கும் பதின்வயதினரைப் படமெடுத்தார். 1999இல் அது புத்தகமானது. கண்காட்சிகளில் புகைப்படம், ஓவியம், கையெழுத்துக் குறிப்பு எல்லாவற்றையும் சுவர் முழுக்க நெருக்கி மாட்டுவார். 2002இல் பாரிஸின் பலே த தோக்கியோ என்ற சமகாலக் கலைக்கூடத்தில் தனிக் கண்காட்சி நடந்தது. என் பார்வையில் அவருடைய ஓவியங்களைவிடப் புகைப்படங்களே வலுவானவை. ஆனால் ஸ்கேட்டர் என்ற நுழைவுச்சீட்டு இல்லாமல் அந்தப் பிள்ளைகளை அவ்வளவு நெருங்கியிருக்க முடியாது.