கணக்குக் கேட்டால் பிரிவினையா?

கேள்வி: எங்கள் சபையில் இரண்டு வருடங்களாகக் கணக்கறிக்கை வாசிக்கவில்லை. கட்டட நிதிக்கு வெளிநாட்டுச் சொந்தங்கள் அனுப்பிய காசுக்குப் பற்றுச்சீட்டும் இல்லை. கேட்டால், "அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்கிறார் பாஸ்டர். நோய் வருத்தம் மாறாதவர்களுக்கு விசுவாசம் போதாது என்றும் பிரசங்கிக்கிறார். ஒற்றுமைக்காகப் பேசாமல் இருக்கச் சொல்கிறார்கள் மற்றவர்கள். என்ன செய்வது?
– ஒரு வாசகி, மானிப்பாய்

பதில்: பேசுங்கள், சகோதரி.

பாஸ்டர் காட்டும் வசனம் 105ஆம் சங்கீதத்தில் வருகிறது. ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகியோர் பரதேசிகளாக அலைந்தபோது ராஜாக்கள் அவர்களுக்குத் தீங்கு செய்யாதபடி கர்த்தர் காத்ததைச் சொல்கிற இடம் அது. ஊழியரிடம் கணக்குக் கேட்காதே என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. தாவீதும் அபிஷேகம் பெற்றவன்தான். உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டபோது நாத்தான் தீர்க்கதரிசி அவன் முகத்துக்கு நேரே, "நீயே அந்த மனுஷன்" என்றார். அந்தியோகியாவில் பேதுரு தவறியபோது பவுல் எல்லோருக்கும் முன்பாகக் கண்டித்தார்.

காசு விஷயத்தில் அதே பவுல் எவ்வளவு கவனமாக இருந்தார் என்று 2 கொரிந்தியர் 8இல் பாருங்கள். எருசலேம் விசுவாசிகளுக்கான தர்மப்பணத்தை அவர் தனி ஆளாகக் கையாளவில்லை. சபைகள் தெரிந்தெடுத்தவரையும் சேர்த்துக்கொண்டார். ஒருவரும் குறைசொல்ல இடமிருக்கக்கூடாது, கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் நேர்மை தெரியவேண்டும் என்றார். எங்கள் ஊர்ச் சனசமூக நிலையமே பொதுக்கூட்டத்தில் வரவு செலவை வாசிக்கிறது. குளிரில் இரவு வேலை செய்து ஒருவர் அனுப்பிய காசுக்கு சபை ஒரு பற்றுச்சீட்டாவது கொடுக்க வேண்டாமா?

ஆனால் காசைவிட அந்தப் பிரசங்கம்தான் என்னை அதிகம் நோகச் செய்கிறது. பவுல் தன் உடன் ஊழியன் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடுதான் விட்டுவந்தார். தன் சரீரத்தில் முள்போல் இருந்த வேதனை நீங்கும்படி மூன்று முறை வேண்டினார், நீங்கவில்லை. இவர்களுக்கும் விசுவாசம் போதவில்லையா? ஷெல்லடியில் கால் இழந்தவரும், பிள்ளையைப் பறிகொடுத்த தாயும் சபை வாங்கில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கும்போது, குற்றம் உன்னுடையதுதான் என்று சொல்வது சுவிசேஷம் அல்ல.

ஒற்றுமை என்கிறார்கள். "அவர்களெல்லாரும் ஒன்றாயிருக்கவும்" என்று ஆண்டவர் ஜெபித்த யோவான் 17இல், அதற்குச் சற்று முன்பாகவே, "உம்முடைய வசனமே சத்தியம்" என்றும் இருக்கிறது. எங்கள் மண்ணிலேயே சாட்சி உண்டு. யாழ்ப்பாண ஆதீனம் (பேராயரின் கீழுள்ள சபைகளின் மாவட்டம்) சேர்ந்திருக்கும் தென்னிந்தியத் திருச்சபை, பல சபைப் பிரிவுகள் இணைந்து 1947இல் உருவானது. அதற்கான பேச்சு 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கியது. பேராயர் பதவி, குருத்துவ அபிஷேகம் பற்றியெல்லாம் வெளிப்படையாக வாதாடித்தான், 28 வருடங்களுக்குப் பிறகு ஒன்றானார்கள். வாயை மூடி வந்த ஒற்றுமை அல்ல அது.

சரி, செய்யவேண்டியது. முதலில் பாஸ்டரைத் தனியாகச் சந்தியுங்கள். அவர் கேட்காவிட்டால் இரண்டு மூன்று பேரோடு போங்கள், மத்தேயு 18 சொல்லும் ஒழுங்கு அதுதான். பிறகு, பெயரும் கையொப்பமும் இட்டு மூப்பர்களுக்குக் கடிதம் கொடுங்கள்: கணக்கறிக்கை வேண்டும், வெளியாள் ஒருவரின் கணக்காய்வு வேண்டும். வாட்ஸ்அப்பில் பெயரில்லாமல் எழுதாதீர்கள். கணக்கு இல்லை என்பதற்காகக் களவு என்று சொல்லவும் கூடாது. சாட்சியில்லாமல் மூப்பருக்கு விரோதமான குற்றச்சாட்டை ஏற்காதே என்று 1 தீமோத்தேயு 5 சொல்கிறது. அதற்கு அடுத்த வசனம், பாவம் செய்தவர்களை எல்லோருக்கும் முன்பாகக் கண்டிக்கச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்தே வாசியுங்கள்.

பதில் வரும்வரை கட்டட நிதிக்குக் கொடுப்பதை நிறுத்திவைக்கலாம். அந்தக் காசை உங்கள் தெருவில் மருந்துக்குக் கஷ்டப்படுகிற ஒருவருக்குக் கொடுங்கள்.