மன்னார்குடியில பழைய வீடு வாங்குறோம்: பத்திரச் செலவு எவ்வளவு, எந்த விலைக்கு எழுதணும்?

கேள்வி: வணக்கம் வக்கீல் சார். மன்னார்குடியில ஒரு பழைய ஓட்டு வீடு பேசியிருக்கோம். மனை 1,800 சதுர அடி, விலை 24 லட்சம், 2 லட்சம் அட்வான்ஸ் கொடுத்தாச்சு. தெருவோட கைடுலைன் வேல்யூ (அரசாங்கம் வச்சிருக்கிற மதிப்பு) சதுர அடிக்கு 800 ரூபா, கட்டிடத்துக்கு 3 லட்சம், ஆக 17,40,000 வருது. விக்கிறவர் அந்த தொகைக்கே பத்திரம் எழுதிக்குவோம், மிச்சத்த கையில கொடுத்துருங்கன்னு சொல்றார். பத்திரம் எழுதுறவர் எல்லாம் சேத்து 2,60,000 ஆகும்ங்கிறார். மனைவி பேர்ல வாங்கினா 1 சதவீதம் குறையுமாமே? மனைக்கு மட்டும் வருஷா வருஷம் கோயிலுக்கு ஏதோ சின்ன தொகை கட்டிட்டு வர்றாங்களாம், அது ஒண்ணும் பிரச்சனை இல்லன்னு சொன்னார்.

பதில்: வணக்கம் சார். உங்க கடைசி வரிய படிச்சதும் எனக்கு பக்குனு ஆயிருச்சு, அதுக்கு வர்றேன், முதல்ல நீங்க கேட்ட கணக்க முடிச்சுருவோம்.

தமிழ்நாட்டுல கிரையப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், மொத்தம் 9. பதிவுக் கட்டணம் முன்னாடி 4 சதவீதமா இருந்துச்சு, 2023 ஏப்ரல்லதான் 2 ஆச்சு, அதனாலதான் இன்னும் நிறைய பேர் 11 சதவீதம்னே சொல்லிட்டு இருக்காங்க. இந்த 9 எதுக்கு மேல போடுவாங்கன்னா, நீங்க பத்திரத்துல எழுதுற விலை, கைடுலைன் வேல்யூ ரெண்டுல எது ஜாஸ்தியோ அதுக்கு மேல. நீங்க கொடுக்குறது 24 லட்சம், அப்போ முத்திரை 1,68,000, பதிவு 48,000, ஆக 2,16,000. இதோட கம்ப்யூட்டர் கட்டணம் மாதிரி சில்லறை செலவு கொஞ்சம் வரும். பத்திரம் எழுதுறவர் சொன்ன 2,60,000ல மீதி 44,000 எதுக்குன்னு ஒவ்வொண்ணா எழுதித் தரச் சொல்லுங்க. அவரோட கூலிய அவருக்கு கொடுங்க, அரசாங்கத்துக்கு போற பணத்த பதிவுத்துறை வெப்சைட்ல உங்க அக்கவுண்ட்லேர்ந்து நீங்களே கட்டி ரசீத எடுத்து வச்சுக்கங்க, மொத்தமா ஒருத்தர் கையில ரொக்கமா கொடுத்துட்டு கணக்கு கேக்காம வராதீங்க.

இப்போ 17,40,000க்கு எழுதுனா 9 சதவீதம் 1,56,600. மிச்சம் 59,400 ரூபா. ஆசையா இருக்கும், எனக்கு புரியுது, ஆனா தயவுசெஞ்சு பண்ணாதீங்க. உண்மையான விலைய மறைச்சு எழுதுறது முத்திரைச் சட்டப்படி குத்தம், அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் உங்க பாக்கெட்டயே பாருங்க. நாளைக்கு பிள்ளைங்க படிப்புக்கு இந்த வீட்ட விக்கிறீங்கன்னு வைங்க, வாங்கின விலை 17,40,000ன்னுதான் பத்திரம் சொல்லும், நீங்க கையில கொடுத்த 6,60,000 உங்களுக்கு லாபம் வந்த மாதிரி ஆயிரும், 2 வருஷம் கழிச்சு வித்தா அதுக்கு 12.5 சதவீதம் வரி, அதாவது 82,500. இன்னைக்கு மிச்சம் புடிச்சத விட ஜாஸ்தி போகுது. லோன் போட்டா பேங்க்காரங்க பத்திரத் தொகையத்தான் பாப்பாங்க, மிச்ச பணத்த நீங்க எங்கேயாவது கைமாத்து வாங்கணும். வீட்டுல வில்லங்கம் வந்து கிரையம் செல்லாமப் போனா கோர்ட்டுல 17,40,000தான் கேக்க முடியும், அந்த 6,60,000க்கு உங்ககிட்ட துண்டுச் சீட்டு கூட இருக்காது. அதுபோக வீடு வித்த பணத்துல 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கினா வாங்கினவருக்கு அந்த அளவுக்கே அபராதம் வரலாம், இத விக்கிறவர்கிட்ட பக்குவமா சொல்லுங்க, பல பேர் இத கேட்டதும் செக்குக்கு ஒத்துக்குவாங்க.

மனைவி பேரு விஷயம். 2025 ஏப்ரல் 1லேர்ந்து பெண்கள் பேர்ல வாங்குனா பதிவுக் கட்டணம் 1 சதவீதம் குறையுது, உண்மைதான், ஆனா சொத்து மதிப்பு 10 லட்சத்துக்குள்ள இருந்தாதான். உங்களுக்கு அது பொருந்தாது. ஆனாலும் அவங்க பேர்ல வாங்குறதுன்னு மனசுல இருந்தா இப்பவே பண்ணிருங்க, அப்புறம் மாத்திக்கலாம்னு விட்டா செட்டில்மெண்ட் (குடும்பத்துக்குள்ள சொத்த எழுதிக் கொடுக்குற பத்திரம்) எழுத முத்திரை 1 சதவீதம், பதிவு 1 சதவீதம் (குடும்பத்துக்குள்ளங்கிறதால முத்திரை 40,000க்கு மேல போகாது, பதிவு 10,000க்கு மேல போகாது), கைடுலைன் கணக்குல உங்களுக்கு 27,400 கிட்ட வரும், வீண் செலவு. டிடிஎஸ், அதாவது விக்கிறவருக்கு கொடுக்குற பணத்துல நீங்க பிடிச்சுக் கட்டுற வருமான வரி, 50 லட்சத்துலேர்ந்துதான், உங்களுக்கு இல்ல, விக்கிறவர் வெளிநாட்டுல குடியிருக்காரான்னு மட்டும் கேட்டுக்கங்க, அப்படின்னா விலை கம்மியா இருந்தாலும் பிடிக்கணும். பழைய வீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. வருமான வரியில பழைய வரி முறையில இருந்தீங்கன்னா முத்திரை, பதிவுச் செலவ வரிக் கழிவுல காட்டலாம்.

இப்போ கோயிலுக்கு கட்டுற அந்த சின்ன தொகைக்கு வர்றேன். மன்னார்குடி, கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் கோயில சுத்தி இருக்குற தெருக்கள்ல நிறைய வீடு அடிமனை கோயிலோடது, இல்லன்னா மடத்தோடது, மேல இருக்குற கட்டிடம் மட்டும்தான் குடியிருக்கிறவருக்கு. தலைமுறை தலைமுறையா இருக்குறதால அவங்களுக்கே சொந்த மனை மாதிரி ஆயிரும், வீட்டு வரி ரசீதும் கரண்ட் பில்லும் அவங்க பேர்ல இருக்கும், ஆனா அதெல்லாம் மனைக்கு பாத்தியதை ஆகாது. அறநிலையத்துறை அனுமதி இல்லாம கோயில் மனைய கிரையம் பண்ணினா அறநிலையச் சட்டம் 34வது பிரிவுப்படி செல்லாது, பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவுல சார் பதிவாளர் பதியவும் மாட்டார். அப்படியிருக்கையில 24 லட்சம்ங்கிற விலையே தப்பு, நீங்க வாங்குறது வெறும் ஓடும் சுவரும்தான்.

அதனால இந்த வாரமே இத பண்ணுங்க. விக்கிறவரோட மூலப் பத்திரத்த வாங்கி சொத்து விவரப் பகுதிய எழுத்துக் கூட்டிப் படிங்க, அடிமனை நீங்கலாக, மேல்கட்டிடம் மட்டும்னு ஒரு வார்த்தை இருந்தா போதும், விஷயம் புரிஞ்சுரும். அதே எடத்துல குழிக் கணக்கையும் பாருங்க, நம்ம பக்கம் ஒரு குழி 144 சதுர அடி, 1,800ன்னா பன்னிரண்டரைக் குழி இருக்கணும், குறைஞ்சா சர்வேயர வச்சு அளக்காம மேல போகாதீங்க. தெருப் பேர வச்சு கைடுலைன் பாத்தது பத்தாது, டவுன் சர்வே நம்பர வச்சு பாருங்க, அந்த நம்பர் கோயில் பேர்ல இருந்தா அங்கயே பல சமயம் மதிப்பு ஜீரோன்னு காட்டும். நகர நில அளவைப் பதிவேட்டு நகல், 30 வருஷத்துக்கு குறையாம வில்லங்கச் சான்று, கோயிலுக்கு கட்டுற ரசீது ஒண்ணு, இந்த மூணையும் எடுத்துட்டு கோயில் செயல் அலுவலர நேர்ல பாத்து மனை யாரோடதுன்னு கேளுங்க.

மனை கோயிலோடதுன்னு தெரிஞ்சா மேல ஒரு ரூபா கொடுக்காதீங்க. அட்வான்ஸ் 2 லட்சத்த திருப்பிக் கேட்டு உடனே வக்கீல் நோட்டீஸ் விடலாம், தர மறுத்தா 3 வருஷத்துக்குள்ள கோர்ட்டுல வழக்கு போடணும், அதனால அட்வான்ஸ் எப்படி கொடுத்தீங்க, செக்கா ரொக்கமா, எழுத்துல என்ன இருக்குன்னு பாத்து அந்த நகலோட வாங்க.