மார்வின் கேவுக்குக் கோரஸ் பாடிய பெண்கள்: கேள்வி பதில்

மோட்டவுன் என்ற அமெரிக்க இசை நிறுவனத்தின் பெண்கள் குழுக்களைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் மார்த்தா அண்ட் த வாண்டெல்லாஸ் பற்றி, அதுவும் பெயர் கிடைப்பதற்கு முன்னால் அவர்கள் பாடகர் மார்வின் கே போன்ற மற்றவர்களுக்குப் பின்னால் பாடிய காலத்தைப் பற்றி. எனக்கும் மிகவும் பிடித்த பகுதி இது. நம் ஊரில் ‘பின்னணிப் பாடகி’ என்றால் அர்த்தமே வேறு என்பதால், இங்கே ‘கோரஸ்’ என்றே எழுதுகிறேன்.

கேள்வி: அண்ணா, ‘டான்ஸிங் இன் த ஸ்ட்ரீட்’ ஒன்றுதான் எனக்குத் தெரியும். இவர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள்?

டெட்ராய்ட் நகரத்துப் பெண்கள். 1950களின் கடைசியில் ‘டெல்-ஃபைஸ்’ என்ற பெயரில் பள்ளிக்கூட நிகழ்ச்சி, விருந்து என்று பாடிக்கொண்டிருந்த குழு. ரோசலிண்ட் ஆஷ்ஃபோர்ட், அனெட் பியர்ட், குளோரியா வில்லியம்சன் ஆகியோர் முதலிலிருந்தே இருந்தவர்கள். மார்த்தா ரீவ்ஸ் பிறகு வந்து சேர்ந்தவர். 1961இல் சிகாகோவின் செஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஒரு சிறிய லேபிளில் சிங்கிள் (தனிப்பாட்டு ரெக்கார்டு) ஒன்று வந்தது, விற்கவில்லை. அடுத்து ‘வெல்ஸ்’ என்ற பெயரில் மோட்டவுனுக்காக ஒன்று பாடினார்கள். அதுவும் அப்படியே போயிற்று.

கேள்வி: மார்த்தா அங்கே செக்ரட்டரியாக வேலை பார்த்தார் என்று படித்தேன். உண்மையா சார், இல்லை விளம்பரத்துக்குச் சொன்ன கதையா?

உண்மைதான். மார்த்தாவே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். டெட்ராய்ட்டில் ‘ட்வென்டி கிராண்ட்’ என்று ஒரு கிளப். அங்கே அவர் தனியாகப் பாடியதைக் கேட்ட மோட்டவுனின் மிக்கி ஸ்டீவன்சன், தன் விசிட்டிங் கார்டைக் கொடுத்துவிட்டுப் போனார். மார்த்தா மறுநாளே பார்த்துக்கொண்டிருந்த சலவைக்கடை வேலையை விட்டுவிட்டு மோட்டவுன் அலுவலகமான ஹிட்ஸ்வில் வாசலில் போய் நின்றுவிட்டார். அன்று ஆடிஷன் நாளே இல்லை. போன் செய்து நாள் கேட்டுக்கொண்டு வந்திருக்க வேண்டும். ஸ்டீவன்சனுக்கு அந்த நேரம் தலைக்கு மேல் வேலை. “கொஞ்சம் இந்த போனைப் பார்த்துக்கொள்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மார்த்தா எடுத்த போனை வைக்கவே இல்லை, அந்த நாற்காலியே வேலையாகிவிட்டது.

ஆனால் அதை வெறும் ஆபீஸ் வேலை என்று நினைக்காதீர்கள். புதுப் பாட்டு வந்தால், பாடப்போகிறவர் கேட்டுப் படிப்பதற்காக மார்த்தா அதை டேப்பில் பாடி வைப்பார். நம் ஊரில் ‘டிராக் பாடுவது’ என்கிறோமே, அதேதான். சின்னப் பையனாக இருந்த ஸ்டீவி வொண்டரைப் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பு. யாருக்கு என்ன பாட்டு, எப்போது ரெக்கார்டிங், யார் வரவில்லை என்பதெல்லாம் அவர் காதில்தான் முதலில் விழும். அடுத்த பதிலுக்கு இதுதான் காரணம்.

கேள்வி: சரி, மார்வின் கே பாட்டில் இவர்கள் குரல் எப்படி வந்தது?

1962 கோடைக்காலம். மோட்டவுனில் பெண்கள் கோரஸ் என்றால் வழக்கமாக வருவது அண்டாண்டேஸ் என்ற குழு. ஒருநாள் அவர்கள் கிடைக்கவில்லை. “எனக்கு ஒரு குழு தெரியும்” என்று மார்த்தா தன் தோழிகளையே கூப்பிட்டார். பாட்டு, ‘ஸ்டப்பர்ன் கைண்ட் ஆஃப் ஃபெல்லோ’.

அன்றைய மார்வின் கேவின் நிலைமையும் தெரிந்தால்தான் இதன் அருமை புரியும். அவருக்குப் பாடகர் நாட் கிங் கோல் மாதிரி மெதுவாக, மென்மையாகப் பாட ஆசை. 1961இல் அப்படி ஓர் ஆல்பம் செய்தார், யாரும் வாங்கவில்லை. மற்றவர்கள் ரெக்கார்டிங்கில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தார். இந்தப் பாட்டில்தான் முதல் தடவையாகத் தொண்டையைக் கீறிக்கொண்டு, கொஞ்சம் கரகரப்பாகப் பாடினார். அது ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் புளூஸ்) பாட்டுப் பட்டியலில் 8ஆம் இடம் வரை போனது. அவருடைய முதல் ஹிட்.

ஹெட்போன் போட்டு ஒருமுறை மார்வினை விட்டுவிட்டுப் பெண்கள் குரலை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். அவர் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்குவதற்குள் அந்த இடத்தை அவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். கோயிலில் பிரசங்கி ஒன்று சொல்ல, சபை உடனே திருப்பிச் சொல்லும் கறுப்பினத் தேவாலய முறை அது. நடுவில் பீன்ஸ் பௌல்ஸ் வாசிக்கும் புல்லாங்குழலைக்கூட ஓரமாக ஒதுங்கச் செய்யும் உற்சாகம். நான் இதை ஒரு பழைய கேசட்டில் முதலில் கேட்டபோது, முன்னால் பாடுகிறவர் யார் என்பதைவிடப் பின்னால் இருப்பவர்கள் யார் என்றுதான் தேடினேன். அடுத்து ‘ஹிச் ஹைக்’, 1963இல் ‘பிரைட் அண்ட் ஜாய்’ என்று இந்தக் கூட்டணி தொடர்ந்தது. ‘பிரைட் அண்ட் ஜாய்’ பாப் பட்டியலில் முதல் பத்துக்குள் வந்தது.

கேள்வி: அந்தக் காலத்தில் கோரஸை எப்படிப் பதிவு செய்தார்கள்? தனித்தனி மைக்கா?

ஹிட்ஸ்வில் என்பது வெஸ்ட் கிராண்ட் புலவார்டில் 2648 எண் கொண்ட சாதாரண வீடு. 1959இல் மோட்டவுன் நிறுவனர் பெர்ரி கார்டி வாங்கும் முன் போட்டோ ஸ்டூடியோவாக இருந்தது. அதன் பின்பக்க அறைதான் ஸ்டூடியோ. வாசிப்பவர்கள் அதற்கு வைத்த பட்டப்பெயர் ‘பாம்புக் குழி’. ரெக்கார்டிங் மெஷினில் மூன்றே டிராக்தான், அதாவது தனித்தனியாகப் பதியும் தடங்கள் மூன்றே. கோரஸ் பாடுகிறவர்கள் ஒரே மைக்கைச் சுற்றி நிற்பது அன்றைய வழக்கம். குரல் கனமானவர் அரை அடி பின்னால், மெலிந்தவர் முன்னால். பேலன்ஸைக் காலால்தான் சரிசெய்ய வேண்டும். அதனால் பக்கத்தில் நிற்பவரின் மூச்சு எப்போது முடியும் என்பதுவரை தெரிந்திருக்க வேண்டும். பல வருடம் சேர்ந்து பாடிய டெல்-ஃபைஸுக்கு அது ஏற்கெனவே கைவந்திருந்தது.

கேள்வி: பிறகு எப்படித் தனிக் குழுவானார்கள்?

மறுபடியும் ஒருவர் வராததால்தான்! மோட்டவுன் பாடகி மேரி வெல்ஸுக்கென்று வைத்திருந்த ரெக்கார்டிங், அவர் வரவில்லை. இசைக்கலைஞர்கள் வாசிக்கும்போது மைக்கில் பாடகர் இருக்க வேண்டும் என்பது யூனியன் விதி. அதற்காக மார்த்தாவை மைக் முன்னால் நிற்க வைத்தார்கள். ‘ஐல் ஹேவ் டு லெட் ஹிம் கோ’ என்ற அந்தப் பாட்டு மார்த்தா குழுவின் பாட்டாகவே வெளிவந்தது. புதுப் பெயர் வேண்டுமே! மார்த்தா வீட்டுப் பக்கத்து வான் டைக் தெருவிலிருந்து ‘வான்’, அவருக்குப் பிடித்த பாடகி டெல்லா ரீஸிடமிருந்து ‘டெல்லா’. பாட்டு ஓடவில்லை, பெயர் நின்றது. 1963இல் ‘கம் அண்ட் கெட் தீஸ் மெமரீஸ்’, அதே கோடையில் ‘ஹீட் வேவ்’. அதன்பின் யாரும் அவர்களைக் கோரஸுக்குக் கூப்பிடத் துணியவில்லை என்றே சொல்லலாம்.

கேள்வி: குளோரியா என்ன ஆனார்?

இந்தக் கதையில் எனக்கு மனது கனக்கும் இடம் இது. வெல்ஸ் சிங்கிளில் முன்னால் நின்று பாடியது அவர்தான், மார்த்தா இல்லை. குழந்தைகள் இருந்தன, நிலையான வேலையும் இருந்தது. பாட்டை நம்பி அதை விட அவருக்கு மனமில்லை. 1962இலேயே விலகிவிட்டார். அவர் எடுத்த முடிவு தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அன்றைக்குக் கையில் இருந்தவை ஓடாத ரெக்கார்டுகள் மட்டும்தான்.

கேள்வி: சுப்ரீம்ஸும் இப்படிப் பாடியவர்கள்தானே?

ஆமாம், டயானா ராஸ் இருந்த அந்த மோட்டவுன் பெண்கள் குழுவும்தான். ‘பிரைமெட்ஸ்’ என்ற பெயரில் இருந்தபோதே லூ பைன் லேபிளில் பாடகர் வில்சன் பிக்கெட்டுக்குக் கோரஸ் பாடினார்கள். மோட்டவுன் வந்தபின்னும் கைதட்டுவது, கோரஸ் என்று கிடைத்ததைச் செய்தார்கள். 1964 வரை பெரிய ஹிட் இல்லை.

கேள்வி: கோரஸ் பாட வைப்பதே சுரண்டல் இல்லையா? நீங்கள் அதை ஏதோ பயிற்சி மாதிரி எழுதுகிறீர்கள்.

நியாயமான கேள்வி தம்பி. வாண்டெல்லாஸுக்கு அது பயிற்சியாக அமைந்தது. ‘ஹீட் வேவ்’ பாட்டில் ஒருவர் பாட மற்றவர்கள் பதில் பாடும் அந்தப் பாணி மார்வினோடு பாடிப் பாடி வந்தது என்றே நம்புகிறேன். ஆனால் அண்டாண்டேஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஜாக்கி ஹிக்ஸ், மார்லீன் பாரோ, லூவெய்ன் டெம்ப்ஸ். மோட்டவுனின் ஆண்கள் குழுவான ஃபோர் டாப்ஸ் பாட்டுகளில் நாம் கேட்கும் பெண் குரல்கள் இவர்களுடையவை. 1968இல் சுப்ரீம்ஸ் பெயரில் வந்த ‘லவ் சைல்ட்’ பாட்டில் டயானா ராஸுக்குப் பின்னால் பாடியதும் அந்தக் குழுவின் மேரி வில்சனும் சிண்டி பேர்ட்சாங்கும் இல்லை, அண்டாண்டேஸ்தான். ரெக்கார்டில் அவர்கள் பெயர் இல்லை. அவர்களுக்கு நடந்தது அநியாயம்.

கேள்வி: மார்வின் கே பதிலுக்கு இவர்களுக்கு ஏதாவது செய்தாரா?

செய்தார். ‘டான்ஸிங் இன் த ஸ்ட்ரீட்’ எழுதியவர்களில் அவரும் ஒருவர், மிக்கி ஸ்டீவன்சன், ஐவி ஜோ ஹன்டரோடு சேர்ந்து. 1964இல் பாப் பட்டியலில் 2ஆம் இடம். மார்த்தா சொல்வதுபடி, முதல் டேக்கைத் தான் உருகிப் பாடி முடித்த பிறகுதான் மெஷினே ஓடவில்லை என்று தெரிந்திருக்கிறது. மறுபடி பாடச் சொன்னார்கள். மார்த்தா எரிச்சலோடு பாடினார். இன்று நாம் கேட்பது அந்த இரண்டாவது டேக்.