மால்டா கார்டு இருந்தால் ஜெர்மனி போகலாமா?

தம்பி, நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. ஹோட்டல் வேலைக்கு மால்டா விசா எடுத்துத் தருகிறேன் என்கிற ஏஜென்ட், "மால்டாவும் ஐரோப்பிய யூனியன்தான், கார்டு கைக்கு வந்ததும் ஜெர்மனி போய் வேலை பார்க்கலாம்" என்கிறாராம். அது உண்மையா என்பது ஒன்று. இத்தனூண்டு தீவுக்கு அந்த யூனியனில் என்ன மரியாதை இருக்கும் என்பது மற்றொன்று. ஏஜென்ட் சொன்னது பொய். ஏன் பொய் என்று புரிய இரண்டாவது கேள்வியிலிருந்து வர வேண்டும்.

மால்டாவின் பரப்பு மொத்தம் 316 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியே இதைவிடப் பெரியது. 1964-இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை, 2004 மே 1 அன்று யூனியனில் உறுப்பினர். அதற்கு முந்தைய ஆண்டு நடந்த பொதுவாக்கெடுப்பில் ஆதரவு 54 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. தொழிலாளர் கட்சி அப்போது கடுமையாக எதிர்த்தது. இன்று அதே கட்சிதான் ஆட்சியில் இருக்கிறது, வெளியேறுவதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. காரணம் இருக்கிறது.

ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் 720 இடங்களில் மால்டாவுக்கு ஆறு, ஜெர்மனிக்கு 96. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் தலைக்கணக்குப் பாருங்கள்: நான் இருக்கும் இந்த மால்டாவில் ஏறக்குறைய 90 ஆயிரம் பேருக்கு ஒரு உறுப்பினர், ஜெர்மனியில் எட்டரை லட்சம் பேருக்கு மேல் ஒருவர். அந்த நாடாளுமன்றத்தின் தலைவராக 2022-இல் தேர்வாகி, 2024-இல் மறுபடியும் தேர்வான ரொபெர்ட்டா மெட்சோலா மால்டாக்காரர். எவ்வளவு சிறிய நாடானாலும், யூனியனின் நிர்வாகத்தை நடத்தும் ஐரோப்பிய ஆணையத்தில் ஒரு ஆள் உண்டு. புகலிடக் கோரிக்கைகளைக் கவனிக்கும் யூனியன் முகமையின் தலைமையகமும் மால்டாவின் தலைநகர் வலெட்டாவில்தான் இருக்கிறது.

உண்மையான பிடி வேறு இடத்தில். பெரும்பாலான சட்டங்களுக்கு 55 சதவீத நாடுகளும் 65 சதவீத மக்கள்தொகையும் சேர்ந்தால் போதும்; அங்கே மால்டாவின் ஐந்தரை லட்சம் பேர் எந்த மூலைக்கு? வரி விஷயத்தில் அப்படி இல்லை, எல்லா நாடுகளும் தலையாட்ட வேண்டும். ஒரே ஒரு நாடு முடியாது என்றால் நின்றுவிடும். இங்கே நிறுவன வரி 35 சதவீதம் என்று எழுதியிருக்கும். வெளிநாட்டுப் பங்குதாரருக்கு அதில் ஏழில் ஆறு பங்குவரை திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், கடைசியில் ஐந்து சதவீதத்தில் வந்து நிற்கும். பிரான்ஸும் ஜெர்மனியும் முகம் சுளித்தாலும் இது ஓடிக்கொண்டிருக்கிறது. ஆன்லைன் சூதாட்ட நிறுவனங்களும் நிதி நிறுவனங்களும் இங்கே வந்து குவிய அது ஒரு பெரிய காரணம். அந்தச் சம்பளக்காரர்களால்தான் ஸ்லீமாவிலும் செயின்ட் ஜூலியன்ஸிலும் வாடகை விண்ணைத் தொடுகிறது. அவர்களுக்குச் சமைக்கவும் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கவும்தான் உங்களையும் என்னையும் கூப்பிடுகிறார்கள். 2021 கணக்கெடுப்பிலேயே ஐந்தில் ஒருவருக்கு மேல் வெளிநாட்டவர்.

நினைத்ததெல்லாம் நடக்கும் என்றும் இல்லை. பணம் கட்டுகிறவருக்குக் குடியுரிமை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அது யூனியன் சட்டத்துக்கு விரோதம் என்று 2025 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மால்டா கடவுச்சீட்டு வாங்கினால் 27 நாட்டிலும் குடியேறும் உரிமை கூடவே வருகிறது, அதைக் கடைச் சரக்காக்கக் கூடாது என்பதுதான் வாதத்தின் சாரம். எனக்கு அந்தத் தீர்ப்பில் வருத்தமில்லை. கோடீஸ்வரனுக்கு ஒரு வாசல், பாத்திரம் கழுவுகிறவனுக்கு ஒரு வாசல் என்றிருந்தது. வசந்தகாலப் பறவை வேட்டைக்காகவும் இவர்கள் பிரஸ்ஸல்ஸோடு, அதாவது யூனியன் தலைமையோடு, ஆண்டுக்கணக்காக மல்லுக்கு நிற்கிறார்கள். வேலைக்கு வந்த இடத்தில் அந்தப் பேச்சில் மட்டும் தலையிடாதீர்கள்.

இப்போது உங்கள் கார்டு. அந்த 27 நாட்டு உரிமை மால்டா குடிமக்களுக்கு. நமக்குக் கிடைக்கிற கார்டுக்குப் பெயர் சிங்கிள் பெர்மிட், தங்கவும் வேலை பார்க்கவும் சேர்த்து ஒரே அனுமதி. அது மால்டா அரசு கொடுப்பது, மால்டாவில் வேலை பார்க்க, அதுவும் அதில் பெயர் போட்டிருக்கிற முதலாளியிடம். உறுப்பு நாடுகளுக்குள் எல்லைச் சோதனை இல்லாமல் போய்வரும் ஏற்பாடான ஷெங்கனில் மால்டா 2007 டிசம்பரில் சேர்ந்தது, அதனால் அந்தக் கார்டோடு ஜெர்மனிக்குப் போகலாம், எந்த 180 நாளிலும் 90 நாள் வரை. சுற்றிப் பார்க்கலாம், சொந்தக்காரர் வீட்டில் தங்கலாம். வேலை பார்க்க முடியாது. எனக்குத் தெரிந்த ஒரு பையன் இப்படித்தான் ஜெர்மனியில் ஒரு சமையலறையில் போய் நின்றான். சோதனையில் மாட்டி, அங்கிருந்தே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஏஜென்டுக்குக் கட்ட வாங்கிய கடன் இன்னும் நிற்கிறது.

நேர் வழியே இல்லையா என்றால், இருக்கிறது, மெதுவானது. ஐந்து வருடம் தொடர்ந்து சட்டப்படி இங்கே இருந்து, வருமானமும் காட்டினால் யூனியனின் நீண்டகால வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு மால்டிய மொழித் தேர்வு உண்டு. ஆங்கிலமும் ஆட்சிமொழிதான், வேலையிடத்தில் அதுவே போதும் என்று பலர் மால்டியத்தைத் தொடுவதே இல்லை. ஐந்தாம் வருடம் அலைகிறார்கள். வந்த வருடமே வகுப்பில் சேர்ந்துவிடுங்கள். அரபியோடு உறவுள்ள மொழி, எழுத்து மட்டும் லத்தீன், வளைகுடாவில் வேலை பார்த்தவர்களுக்குச் சீக்கிரம் பிடிபடும். அந்த வசிப்புரிமை கிடைத்த பிறகும் ஜெர்மனியில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், ஆனால் கதவைத் தட்டவாவது உரிமை இருக்கும். உங்களிடம் பட்டமும் நல்ல சம்பளத்தில் திறன்சார் வேலையும் இருந்தால், அப்படிப்பட்டவர்களுக்கென்றே யூனியன் நாடுகள் கொடுக்கும் புளூ கார்டு வேறு கதை. ஹோட்டல் வேலைக்கு அது கிடைக்காது.

யூனியன் நமக்கு ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்ல மாட்டேன். சிங்கிள் பெர்மிட் பற்றி 2024-இல் ஒரு புதிய சட்டம் போட்டார்கள். பெர்மிட் காலத்துக்குள் முதலாளியை மாற்ற உரிமை, வேலை போனாலும் குறைந்தது மூன்று மாதம் பெர்மிட்டைப் பறிக்காமல் விட வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. உறுப்பு நாடுகள் தங்கள் சட்டத்தில் சேர்க்க 2026 மே வரை கெடு. இங்கே முன்பு வேலை போனால் பெட்டியைக் கட்ட வேண்டிய நிலைமைதான், அதனால் இது சின்ன விஷயம் இல்லை.

ஏஜென்டிடம் பணம் கொடுக்கும் முன் மூன்றைக் கேளுங்கள்: பெர்மிட்டில் வரப்போகிற முதலாளியின் பெயர், கையெழுத்தான வேலை ஒப்பந்தத்தின் நகல், தங்குமிட வாடகை யார் தலையில் என்பது. ஜெர்மனிப் பேச்சை மறுபடி எடுத்தால், அதை எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். கொடுக்க மாட்டார்.