தாங்கிக்கொள்வதைப் புகழாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அம்மாவுக்குப் புற்றுநோய் எலும்புவரை பரவிவிட்டது. மருத்துவர் வேளைக்கு வேளை மார்ஃபின் எழுதிக் கொடுத்திருக்கிறார். அடிமையாக்கிவிடுமோ என்ற பயத்தில், வலி உச்சத்துக்குப் போகும்போது மட்டும் கொடுக்கிறோம். அம்மா ஒரு முனகல்கூட முனகுவதில்லை. அவருடைய மன உறுதியைக் கண்டு எல்லோரும் வியக்கிறார்கள். புற்றுநோய் வலியை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேள்வித்தாள் கொடுத்து ஆராய்கிறார்களாமே, கொசுவின் உடலை ஆராய்வதைப் போலத் திட்டவட்டமாக எதையாவது அதில் கண்டுபிடிக்க முடியுமா? அது அறிவியல்தானா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

வலியைச் சொல்லாமல் மறைப்பவர்களைப் பற்றிச் சில நாட்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் நேராக அங்கேயே வந்து நிற்கிறது.

கொசு ஆராய்ச்சி திட்டவட்டமானதுதான். 1897 ஆகஸ்டு 20 அன்று ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் ஒரு கொசுவை அறுத்து, அதன் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். பெண் கொசுதான் கடிக்கிறது, அதுவும் முட்டைகளுக்கு வேண்டிய புரதத்துக்காக. நாம் வெளிவிடும் கரியமில வாயுவை மோப்பம் பிடித்து வருகிறது. எதையும் கொசுவிடம் கேட்காமலே தெரிந்துகொண்டோம். வலியை அப்படி அறுத்துப் பார்க்க வழியில்லை. ஸ்கேனில் கட்டி தெரியும்; அது எவ்வளவு வலிக்கிறது என்பது தெரியாது. வலிப்பவர் எதை வலி என்கிறாரோ அதுவே வலி, இருக்கிறது என்று அவர் சொல்லும்போதெல்லாம் அது இருக்கிறது என்று மார்கோ மெக்காஃபெரி என்ற செவிலியர் 1968-இல் எழுதினார். அதனால்தான் கேள்வித்தாள். அறிவியல்தானா என்பதற்கு இவ்வளவு போதும்.

ஏனென்றால் என்னை உறுத்துவது வேறொன்று. முனகுவதில்லை என்று பெருமையோடு எழுதியிருக்கிறீர்களே, அது.

என் சித்திக்கும் இதே நோய். பார்க்க வந்தவர்களெல்லாம் "என்ன பொறுமை, என்ன தைரியம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். மருத்துவர் கேட்டால் "பரவாயில்லை டாக்டர்" என்பார் சித்தி. ஒருநாள் ஓர் இளம் செவிலியர் எங்களையெல்லாம் வெளியே அனுப்பினார். வலிக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. "ராத்திரியில் எந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடிகிறது?" என்று கேட்டிருக்கிறார். எந்தப் பக்கமும் முடியவில்லை. அன்றைக்கே மருந்தின் அளவு மாறியது. பிறகு சித்தி என்னிடம் கேட்டார்: "இத்தனை பேர் தைரியசாலி என்று சொன்ன பிறகு, வலிக்கிறது என்று எந்த வாயால் சொல்வேன்?"

இது சித்தி ஒருவரின் கதையில்லை. நீங்கள் சந்தேகப்படுகிற அதே கேள்வித்தாள்தான் இதை வெளிக்கொண்டு வந்தது. சாண்ட்ரா வார்டும் அவருடைய குழுவினரும் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், புற்றுநோயாளிகள் வலியைச் சொல்லவும் மருந்து எடுக்கவும் ஏன் தயங்குகிறார்கள் என்று கேட்டார்கள். அடிமையாகிவிடுவோம் என்ற பயம் இருந்தது. வலியைப் பற்றிப் பேசினால் நோயைக் குணப்படுத்துவதிலிருந்து மருத்துவரின் கவனம் திரும்பிவிடும் என்ற எண்ணமும், வலி கூடினால் நோய் முற்றுகிறது என்று அர்த்தமாகிவிடுமே என்ற கலக்கமும் இருந்தன. கூடவே, குறை சொல்லாத நல்ல நோயாளியாக இருக்க வேண்டும் என்ற ஆசை. இந்தத் தயக்கங்கள் மிகுந்தவர்களுக்கு வலியும் மிகுதியாக இருந்தது. உங்கள் அம்மாவின் மௌனத்தில் இவற்றுள் எது இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? கேட்டீர்களா? வியந்துகொண்டிருந்தால் எப்படித் தெரியும்? நீங்கள் ஒவ்வொரு முறை புகழும்போதும் அவர் வாயை இன்னும் கொஞ்சம் அடைக்கிறீர்கள். வலியை அளக்க இருப்பது அவருடைய சொல் ஒன்றுதான். அதையும் பறித்துக்கொண்டு, மருத்துவர் எதை வைத்து மருந்தை முடிவு செய்வார்?

சமாளிக்கும் முறைகளால் பயன் உண்டு. மூச்சுப் பயிற்சி, மனத்தை வேறிடம் திருப்பும் பயிற்சி எல்லாம் உதவுகின்றன. ஆனால் அவை மருந்தோடு சேர வேண்டியவை, மருந்தின் இடத்தைப் பிடிக்க வேண்டியவையல்ல.

மார்ஃபின் விஷயத்தில் உங்கள்மேல் எனக்குக் கோபமே வருகிறது. வலி வரும்வரை காத்திருக்காமல் நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே சொல்லிவிட்டது. அதற்கும் முன்பே, 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் மருத்துவ இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் அப்படிக் கொடுத்துத்தான் மனிதர்களை நிம்மதியாகத் தூங்கவைத்தார். உச்சத்துக்குப் போன பிறகுதான் மருந்து என்றால், அம்மா ஒவ்வொரு முறையும் அந்த உச்சம்வரை போயே ஆக வேண்டும். உடல் ஒரு மருந்துக்குப் பழகுவது வேறு, அடிமையாவது வேறு. எழுதிக் கொடுத்த நேரத்துக்குக் கொடுங்கள். நீங்களாக அளவைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். மலச்சிக்கல் வரும், அதற்கான மருந்தையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள்.

இன்றிரவு யாரும் இல்லாதபோது அம்மாவின் பக்கத்தில் உட்காருங்கள். எங்கே வலிக்கிறது, எப்போது கூடுகிறது, எதைச் செய்ய முடியாமல் போகிறது என்று கேட்டு, அவர் சொல்வதைச் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். தாளை மருத்துவரிடம் கொடுத்த பிறகு, அவர் அம்மாவைப் பார்த்து ஏதாவது கேட்டால், தயவுசெய்து நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள்.