பைரனோமீட்டர் பொய் சொல்கிறதா?

வெயிலின் வலுவைச் சதுர மீட்டருக்கு இத்தனை வாட் என்று அளக்கும் பைரனோமீட்டர் ராத்திரியில் மைனஸ் 3 வாட் காட்டுகிறது. பழுதா? (வள்ளியூர்)

இல்லை. தெர்மோபைல் வகையில் (கறுப்புத் தகடு சூடாவதை மின்னழுத்தமாக மாற்றி அளக்கும் வகை) இது வழக்கம்தான். தெளிந்த வானம் இருக்கும் இரவில் கண்ணாடிக் குமிழ் சீக்கிரம் குளிர்ந்துவிடும், உள்ளே இருக்கும் கறுப்புத் தகடு அதனிடம் வெப்பத்தை இழக்கும். பகலிலும் மைனஸ் என்றால் வயர் மாறியிருக்கிறது.

கூரைப் பேனல் தெற்கே 10 டிகிரி சாய்வு. அதே சாய்வில் வைத்த சென்சார் (பைரனோமீட்டர்) ஜூன் மாதம் நண்பகலில், பக்கத்தில் மட்டமாக இருக்கும் சென்சாரைவிடக் குறைவாகக் காட்டுகிறது. மாற்றிவிடலாமா? (கயத்தாறு)

காசை வீணாக்காதீர்கள். நம் பக்கம் சித்திரை பிறக்கும் சமயத்தில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் நிற்கும். அதிலிருந்து ஆவணி பாதி வரை அது நமக்கு வடக்கே இருக்கும். ஜூன் கடைசியில் கிட்டத்தட்ட 15 டிகிரி வடக்கு. தெற்கே சாய்ந்த சென்சார் வெயிலுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்ட மாதிரிதான். நேர்வெயிலில் சுமார் 6 சதவீதம் குறைய வேண்டும். மார்கழியில் பாருங்கள், சாய்ந்ததுதான் கூடுதலாகக் காட்டும். அப்போதும் குறைந்தால் சந்தேகப்படலாம். வடக்கத்தி ஊர்களுக்கு எழுதிய கையேட்டை அப்படியே இங்கே பிடித்துக்கொள்வதால் வரும் குழப்பம் இது.

1,200 வாட்டைத் தாண்டுகிறது. (தென்காசி)

சாரல் காலத்தில் மேக விளிம்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியும் நேர்வெயிலும் சேர்ந்தால் சிறிது நேரம் அப்படி ஏறும், பயமில்லை. மேகமே இல்லாமல் நண்பகல் முழுக்க 1,200 என்றால் அளவுகளைப் பதிவுசெய்யும் டேட்டா லாகரைப் பாருங்கள். ஒவ்வொரு சென்சாருக்கும் உணர்திறன் எண் (ஒரு வாட்டுக்கு எத்தனை மைக்ரோவோல்ட் தரும் என்பது) தனி, அதை லாகரில் பதிய வேண்டும். சென்சாரை மாற்றியவர்கள் பழைய எண்ணை அப்படியே விட்டிருப்பார்கள். லேபிளில் 8.5 மைக்ரோவோல்ட், லாகரில் 7 என்றால், உண்மையான 1,000 வாட் 1,214 ஆகத் தெரியும்.

காலையில் அதிகம், மாலையில் குறைவு. (சங்கரன்கோவில்)

மட்டம் காட்டும் நீர்க்குமிழியைப் பாருங்கள், சென்சார் கிழக்கே சாய்ந்திருக்கும். அது சரியென்றால் லாகர் கடிகாரத்தைப் பாருங்கள். நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12:20 வாக்கில், 12 மணிக்கு அல்ல.

வாரா வாரம் அளவு இறங்குகிறது. (திசையன்விளை)

தேரி மண் தூசிதான். விடிகாலையில் தண்ணீரும் மென்துணியும் போதும். வெயில் சீராக இருக்கும்போது ஒருமுறை, துடைப்பதற்கு முன்னும் பின்னும் அளவைக் குறித்து வையுங்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை துடைக்க வேண்டும் என்பதை அதை வைத்து முடிவுசெய்யலாம். துடைத்தும் ஏறவில்லையென்றால் அளவுத்திருத்தத்துக்கு அனுப்புங்கள்.